மேட்டு லேனுக்குத் தண்ணீர் கடைசியில்தான்

தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் மூச்சு விடும். பிறகு இருமும். செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பும். அதற்குப் பிறகுதான் தெளிந்த தண்ணீர். அந்த இருமலை ஊரில் கேட்காதவர்கள் கிடையாது. ஆனால் எந்தத் தெருவில் எந்த நேரம் அது கேட்கும் என்பது இரண்டு பேருக்குத்தான் முன்கூட்டித் தெரியும். ஒருவர் சுந்தரலிங்கம், மற்றவர் சதீஸ்குமார். கண்டியிலிருந்து கம்பளைக்குப் போகிற பாதையில், மகாவலி ஒரு தடவை சோம்பலாகத் திரும்பிப் படுக்கிற இடத்தில் இருக்கும் சின்ன நகரசபையில், தண்ணீர் வால்வுகளைத் திறந்து மூடுவது அவர்கள் வேலை.

ஆற்றிலிருந்து ஏற்றிய தண்ணீர் மலை மேலே ஒரு தாங்கியில் சேரும். தாங்கியடியில் பெரிய வால்வு. அதைத் திறந்தால் தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். கடைத்தெரு, ஸ்டேஷன் றோட்டு, பள்ளிக்கூட றோட்டு என்று கீழே மூன்று லைன். அந்த மூன்றும் குடித்து முடித்து மிச்சம் இருந்தால்தான் மேட்டு லேனுக்கு. அந்த லேன் கிட்டத்தட்டத் தாங்கியின் உயரத்திலேயே, மலையின் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது. அதனால் சுந்தரலிங்கம் மேலே தாங்கியடியில் நிற்பார். சதீஸ்குமார் மோட்டார் சைக்கிளில் கீழே போய்த் தெருவில் போகிற வருகிற யாரையாவது ஒரு கை பிடிக்கச் சொல்லி மூன்று வால்வையும் மூடுவான். பிறகு போனில், "மூடிட்டேண்ணே" என்பான். "சரி, வுடுறேன்" என்பார் இவர். மேட்டு லேன் குளிப்பதும் சமைப்பதும் அந்த இரண்டு வார்த்தைகளில் நடந்தது. சுந்தரலிங்கத்தின் வீடும் அந்த லேனில்தான்.

சதீஸ்குமார் வேலைக்கு வந்து ஒன்பது வருஷம். ஒன்பது வருஷமும் கெசுவல். முப்பத்தாறு வயதாகி, கல்யாணமும் ஆகி, ஒரு பெண் குழந்தையும் பிறந்துவிட்டது. ஆனால் சபையின் கணக்கில் அவன் தற்காலிகமானவன். மழை பெய்தால் வேலை இல்லை, காய்ச்சல் வந்தால் சம்பளம் இல்லை. அவனைப் போல இன்னும் சிலர். அவர்களை நிரந்தரமாக்கச் சொல்லித்தான் சங்கம் பேசக் கூப்பிட்டது. சபைச் செயலாளர் உட்காரவே மறுத்தார். அரச ஊழியர் சங்கங்கள் இப்படி மேசையில் உட்கார்ந்து பேரம் பேசுவதையே கட்டுப்படுத்தப் புதுச் சட்டம் வரப்போகிறது, அது வரட்டும், பிறகு பார்ப்போம் என்றார். அதனால்தான் ஸ்ட்ரைக். தாங்கியடி வால்வை மூடிவிட்டு எல்லோரும் இறங்கி வந்தார்கள்.

மாசி மாத வெயில். ஊர் காய்ந்துகொண்டிருந்தது.

மூடிய நாலாம் நாள், வால்வைத் திருகுகிற நீளமான இரும்புச் சாவியைச் சங்கச் செயலாளர் றமீஸா சுந்தரலிங்கத்தின் கையில்தான் கொடுத்தாள். அவள் மடவளைக்காரி, சபையில் கிளார்க். கைப்பையில் எப்போதும் இஞ்சி மிட்டாய் வைத்திருப்பாள், கூட்டத்தில் யாராவது சத்தம் போட்டால் ஒன்றை எடுத்து நீட்டுவாள்.

"அண்ணே, இது உங்கக்கிட்டயே ஈக்கட்டும். வேற யார்ட கையில குடுத்தாலும் எனக்கு நித்திரை வராது."

"என்னமோ நகையக் குடுக்கிற மாதிரிக் குடுக்கிறீங்க தங்கச்சி."

"நகைய வச்சா மீட்டுக்கலாம்" என்றாள் றமீஸா. "ஆஸ்பத்திரிக்கும் ஸ்கூலுக்கும் தண்ணி பவுசர் லொறி போற மாதிரிப் பேசிட்டேன். மத்தப்படி யாரும் அந்த வால்வத் தொட ஏலாது. கண்டியில ஈக்கிற மேலதிகாரிமார் சொன்னதால சபைச் செயலாளர் திங்கக்கிழமை பேச உட்கார ஒத்துக்கிட்டார். அதுவரைக்கும் வால்வு மூடினபடியே இருந்தா, சதீஸ் தம்பிட விஷயம் முடியும்."

சதீஸ்குமார் பக்கத்தில் நின்று மோட்டார் சைக்கிள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "முடிஞ்சா ஒங்க ரெண்டு பேருக்கும் பிரியாணி" என்றான்.

"எங்கட ஆக்கள்ட கடையில வாங்கு, அப்பதான் நான் வருவேன்" என்றாள் அவள்.

சுந்தரலிங்கம் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு லேனுக்கு ஏறினார். வழியெல்லாம் கண்கள் அவரைப் பார்த்தன. தண்ணீர் இல்லாத ஊரில் வால்வுக்காரன் நடந்து போவது, அடுப்பெரியாத வீட்டில் விருந்தாளி நுழைவது மாதிரி.

ஊர் பேச ஆரம்பித்தது. கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த சண்முகநாதன் முதலாளி, "நிரந்தரம், நிரந்தரம்ங்கிறானுங்க. எங் கடையில நிக்கிற பயலுக்கு யாரு நிரந்தரம் குடுத்தா? எனக்கே யாரு குடுத்தா?" என்று வருகிற ஆட்களிடமெல்லாம் கேட்டார்.

"ஒங்களுக்கு என்ன முதலாளி" என்றான் த்ரீவீல் ஓட்டுகிற ஒருவன். "ஸ்ட்ரைக் வந்த பிறகு பிளாஸ்டிக் பீப்பா அத்தனையும் வித்துப் போச்சே. நீங்கதான் சங்கத்துக்குச் சந்தா கட்டணும்."

சண்முகநாதன் சிரிக்கவில்லை. பஸ்ஸில், சலூனில், கோவில் வாசலில் எல்லாம் இதுதான் பேச்சு. அரசாங்க வேலைக்காரனுக்குச் சங்கம் எதற்கு, பேரம் எதற்கு, மக்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கேட்பதுதான் பேரமா. றேடியோவில் காலையில் ஒரு நிகழ்ச்சியில் ஆட்களைப் போனில் பேசவிட்டார்கள். நாவலப்பிட்டியிலிருந்து ஒரு பெண், போன வருஷம் ட்ரெயின் ஓடாத நாளில் பரீட்சைக்குப் போக முடியாமல் மகள் அழுததைச் சொன்னாள். யாரோ ஒரு வயதானவர், சங்கம் இல்லாவிட்டால் எங்களையெல்லாம் எப்போதோ மிதித்திருப்பார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். பாதியில் லைன் அறுந்து ஒரு பாட்டுப் போட்டார்கள்.

சுந்தரலிங்கத்தின் மனைவி யசோதா இடுப்பில் குடத்தோடு வாசலில் நின்று அதைக் கேட்டாள். அவளும் பள்ளத்தில் இருக்கிற கிணற்றுக்கு இறங்கி ஏறிக்கொண்டுதான் இருந்தாள்.

"நானும் றேடியோவுக்குப் போன் எடுக்கலாம்னு பாத்தேன்" என்றாள்.

"எடுத்து?"

"எம் புருசன்தான் மூடி வச்சிருக்காரு, சாவி எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில இருக்குன்னு சொல்லலாம்னு." குடத்தை இறக்கினாள். "சொல்லல. சதீஸ் பொண்டாட்டி மொகம் நெனப்புக்கு வந்திச்சு."

சனிக்கிழமை காலையில் கறுப்பையா ஆஸ்பத்திரியில் இறந்து போனார்.

அவர் லேனின் கடைசி வீட்டுக்காரர். சபையில் குழி வெட்டுகிற தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். மேட்டு லேனுக்குக் குழாய் ஏறியபோது அந்தக் குழியை வெட்டியவர்களில் அவரும் ஒருவர். லேன் தொடங்குகிற இடத்தில் இருக்கிற பொதுக் குழாயை "எம் பைப்பு" என்றுதான் சொல்வார். சுந்தரலிங்கம் அவரை மாமா என்று கூப்பிட்டே பழகியவர். கொஞ்ச நாளாகவே படுக்கை. போன வாரம் இவர் பார்க்கப் போனபோது, "பைப்பு இருமுற சத்தம் கேக்கலியே, எனக்குத்தான் காது போச்சா?" என்று கேட்டார். ஸ்ட்ரைக் என்று சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

மத்தியானம் உடம்பு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது. லேன் நெடுக வெள்ளைக் கொடி கட்டினார்கள். மரண உதவிச் சங்கத்திலிருந்து கதிரைகளும் கூடாரத் தகரமும் வந்தன. கொழும்பில் கடையில் வேலை செய்கிற மகன் சுரேஸ் கிடைத்த முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டான். பொழுது சாயும் முன் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் நீர்மாலை எடுக்க வேண்டும். மகன் ஈர வேட்டியோடு, மேலே வெள்ளைத் துணி பிடிக்க, தப்பு மேளம் முன்னால் போகத் தண்ணீர் எடுத்து வந்து தகப்பனைக் குளிப்பாட்ட வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் மலையிலிருந்து வடிகிற பீலியில் எடுப்பார்கள். இந்த லேனில் அந்தப் பொதுக் குழாயில் எடுப்பதுதான் வழக்கம்.

றமீஸா பவுசரை அனுப்பி வைத்திருந்தாள். "அண்ணே, மையத்து வீட்டுக்குத் தண்ணி வருது, ஒங்கட ஆக்கள்ட்டச் சொல்லுங்க. எனக்கும் வர ஆசைதான், ஆனா இந்த நேரத்துல நான் அங்க வந்தா வேற மாதிரிக் கதைப்பாங்க" என்று போனில் சொன்னாள். பவுசர் லேன் முனையில் மூச்சு வாங்கி நின்றது. அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டார்கள், கால் கழுவினார்கள், கோலமும் தெளித்தார்கள். நீர்மாலை என்று வந்ததும்தான் சிக்கல்.

"டயர் வச்ச தண்ணியிலயா நீர்மாலை எடுப்பாங்க?" என்றார் ஒருவர்.

"ஆத்துக்குப் போகலாமே."

"ஆத்துக்கு எறங்கி ஏறுறதுக்குள்ள இருட்டிரும். த்ரீவீல்லதான் போகணும். நீர்மாலைக்குத் த்ரீவீலு, தப்படிக்கிறவன பின் சீட்டுல ஒக்கார வச்சுக்க."

"பேசாம ரெண்டு போத்தல் தண்ணி வாங்கு. கறுப்பையா கம்பெனித் தண்ணியில போனாருன்னு இருக்கட்டும்."

யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். அப்புறம் ஒவ்வொரு கண்ணாகச் சுந்தரலிங்கத்தின் பக்கம் திரும்பியது. அவர் கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"செத்தவனுக்குக்கூடத் தண்ணி இல்லாத ஸ்ட்ரைக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "இதுக்குத்தான் இவனுங்க சங்கத்தையே தட பண்ணணுங்கிறது."

சுரேஸ் எழுந்து வந்தான். இவருடைய கையைப் பிடித்துக் கூடாரத்துக்குப் பின்னால் கூட்டிப் போனான். அவன் உள்ளங்கை குளிர்ந்திருந்தது.

"மாமா, நான் சண்டைக்கு வரல. அது அப்பா போட்ட பைப்பு. அவர அதுலதான் குளிப்பாட்டணும்னு எனக்கு இருக்கு. ஒரே ஒரு கொடம். அதுக்கப்புறம் நீங்க மூடிருங்க. நான் கடைசி நேரத்துலகூட பக்கத்துல இல்லாத மகன், மாமா."

உள்ளே கறுப்பையாவின் மனைவி பாலம்மா கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சன்னல் வழியே அவள் முதுகு தெரிந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று சுந்தரலிங்கத்துக்குத் தோன்றியது. அழுகிறவளிடம் போய் என்ன கேட்பது என்று விட்டுவிட்டார்.

வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்கடியிலிருந்து சாவியை எடுத்தார். யசோதா சாவு வீட்டில் இருந்தாள். தாங்கிக்குப் போகிற படிகளில் ஏறும்போது சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். சதீஸ்குமாரின் பெயர் மேலேயே இருந்தது. அவன் கீழே போய் மூன்று லைனையும் மூடினால் மேட்டு லேனுக்கு மட்டும் தண்ணீர் வரும், கீழே ஒரு சொட்டு இறங்காது, யாருக்கும் தெரியாது. வழக்கமான அந்த இரண்டு வார்த்தைகள் போதும்.

ஆனால் யாருக்காக இந்த ஸ்ட்ரைக்? அவனுக்காக. அவனையே கூப்பிட்டு, வாடா தம்பி, உன் வேலைக்காக மூடியதை உன் கையாலேயே உடைக்க உதவு என்று எப்படிச் சொல்வது? பிடிபட்டால் நிரந்தரமானவனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். கெசுவல்காரனுக்கு அதுவும் வராது, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று ஒரு வாய்ச்சொல்தான். இந்தப் பாவம் என்னோடேயே போகட்டும் என்று நினைத்தார். போனைப் பைக்குள் போட்டுவிட்டு மேலே ஏறினார்.

கீழே ஒரு ஆளாகப் போய் மூடவும் வழியில்லை. வண்டியில்லாமல் மூன்று தெருவுக்கும் நடந்து போய், பிறகு மேலே ஏறுவதற்குள் இருட்டிவிடும். கொஞ்ச நேரம் மட்டும் திறப்போம், வீடுகளில் குழாய் மூடியிருக்கும், லைன் நிறைந்து மேலே ஏறிவிடும், ஒரு குடம் எடுத்ததும் மூடிவிடலாம். இதுதான் அவர் போட்ட கணக்கு. சாவியைப் பொருத்திச் சுற்றினார். இரும்பு முனகியது. பூமிக்கடியில் தண்ணீர் விழித்துக்கொண்டு நடக்கத் தொடங்குகிற சத்தம் அவர் உள்ளங்காலில் ஏறியது. எத்தனையோ வருஷமாக அவருக்குப் பிடித்த சத்தம் அது. ஒரு பெரிய மிருகம் இருட்டில் எழுந்து உடம்பை உதறுகிற மாதிரி இருக்கும்.

அவர் மறந்தது ஒன்றே ஒன்று. தண்ணீர் இல்லாத நாட்களில் யாரும் குழாயை மூடி வைப்பதில்லை. எப்போது வந்தாலும் சத்தம் கேட்கட்டும் என்று கீழே ஊர் முழுக்கக் குழாய்களைத் திறந்து, அடியில் வாளியும் பீப்பாவும் வைத்துக் காத்துக்கொண்டிருந்தது.

முதலில் கடைத்தெரு இருமியது. அப்புறம் ஸ்டேஷன் றோட்டு. "வத்துர ஆவா, தண்ணி வந்திரிச்சு" என்று இரண்டு மொழியிலும் கூச்சல் மலைக்கு ஏறி வந்தது. யாரோ ரயில் பெட்டிக்குக் கையாட்டுகிற மாதிரி வாளியை ஆட்டினார்கள். பள்ளிக்கூட றோட்டில் ஒரு பெண் சிரிப்பது அவ்வளவு தூரத்துக்குக் கேட்டது. மேட்டு லேன் குழாய் மட்டும் மூச்சுக்கூட விடவில்லை. சுந்தரலிங்கம் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார். இன்னும் இரண்டு. கடைசியில் முழுவதும் திறந்துவிட்டார்.

லேன் முனையில் சுரேஸ் ஈர வேட்டியோடு, தலைக்கு மேலே நான்கு பேர் பிடித்த வெள்ளைத் துணியின் கீழே நின்றான். தப்பு ஓய்ந்து ஓய்ந்து அடித்தது. வெயில் சாய்ந்தது. ஊரெல்லாம் பீப்பாக்கள் நிறைந்து வழிந்து, சண்முகநாதன் கடை வாசலைக் கழுவிவிட்டு, தெருவுக்கும் தெளித்து முடித்த பிறகு மேட்டு லேன் குழாய் ஒரு தடவை இருமியது. நூல் மாதிரி ஒழுகிற்று. செம்புக் குடத்தின் அடியை மூடவே அது பாடுபட்டது. அரைக் குடத்தோடு திருப்பினார்கள்.

அந்த நேரத்தில் சுந்தரலிங்கம், ஊருக்கே தெரிந்த பிறகு இனி மூடி என்ன என்று வால்வைத் திறந்தபடியே விட்டுவிட்டு, தாங்கியடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். சாவி தோளில். சட்டையெல்லாம் வியர்வை. எதிரே வெள்ளைத் துணி, குடம், தப்பு. அவர் ஒதுங்கி நின்று கையெடுத்துக் கும்பிட்டார். யாரோ ஒருவர் அதைப் போனில் படமெடுத்தார்.

பொழுது விடிவதற்குள் அந்தப் படம் ஊரை விட்டே போய்விட்டது. சங்கத் தலைவர்கள் மூடிய தண்ணீரை ஒரு மனிதன் திறந்தான் என்று மேலே எழுதியிருந்தது. இப்படிப்பட்ட நல்ல தொழிலாளிகளைச் சங்கங்களிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று கீழே எழுதியிருந்தார்கள். சட்டத்தைக் கொண்டு வாருங்கள், உடனே கொண்டு வாருங்கள். முகம் தெரியாத ஆயிரம் பேர் அவரைக் கும்பிட்டார்கள். றேடியோவில் அவர் பெயரைச் சொன்னார்கள், அதுவும் தப்பாக, சுந்தரமூர்த்தி என்று. சபையின் தலைவர் ஆளனுப்பி, ஒரு பொன்னாடை போர்த்த வேண்டும், எப்போது வசதி என்று கேட்டார். சுந்தரலிங்கம் கதவைத் திறக்கவில்லை.

"பொன்னாடைய வாங்கிருங்க" என்றாள் யசோதா. "நான் அதுல சதீஸ் பிள்ளைக்குத் தொட்டில் கட்டிக் குடுக்கிறேன்." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மேசை போட்டிருந்தது. கதிரைகளும் போட்டிருந்தன. சபைச் செயலாளர் வரவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, பேச என்ன இருக்கிறது என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். ஊரில் யாரும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. புதன்கிழமை எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள். கெசுவல் ஆட்களுக்கு மாத முடிவோடு சரி என்றார்கள். இனிமேல் அந்த வேலை ஒரு குத்தகைக்காரருக்காம்.

றமீஸாவை வேறொரு பிரிவுக்கு மாற்றினார்கள். மேசையைக் காலி செய்யும்போது சுந்தரலிங்கம் போய் நின்றார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனார். அவள் கைப்பையிலிருந்து ஒரு இஞ்சி மிட்டாயை எடுத்து நீட்டினாள்.

"அண்ணே, ஒங்கட ஃபோட்டோவுக்கு என்ட சொந்தத் தங்கச்சியே லைக் போட்டீக்கிறா. நான் என்னத்தச் சொல்ற?"

"நான் அந்தாளுக்காகத்தான் தங்கச்சி..."

"எனக்குத் தெரியும். ஒங்களத் தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஆக்கள்தான் கூட." பையின் வாயை மூடினாள். "சாவிய ஒங்கட்டத் தந்தப்ப, நீங்க நல்ல மனுசன்டுதான் தந்தேன். அங்கதான் நான் பிழை விட்டேன்."

மிட்டாயை வாயில் போட முடியாமல் பையில் போட்டுக்கொண்டார். அது அங்கேயே இளகி ஒட்டிக்கொண்டது.

கறுப்பையாவின் கருமாதிக்கு லேன் முழுவதும் கூடியது. சுந்தரலிங்கத்தைக் கதிரை போட்டு முன்னால் உட்கார வைத்தார்கள். இப்போது அவர் லேனுக்கு நல்லவர். இலை போடும்போது அவருக்கு ஒரு வடை கூடுதலாக வைத்தார்கள். அவர் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தார். பின்கட்டில் பாலம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"ஆமா அத்த."

"அன்னக்கி நீங்க தண்ணி வுட்டீங்கன்னு எனக்கு மக்காநாளுதான் தெரியும். சுரேஸு சொன்னான்." அவள் குரலில் கோபம் இல்லை. பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "அவரு வேலைக்குப் போன காலத்துல எங்க மூத்த பய செத்துப் போனான். காச்சல். அன்னக்கிம் ஸ்ட்ரைக்குதான். இவரு பவுசர்லதான் தண்ணி புடிச்சிக் குளிப்பாட்டினாரு. சுரேஸு அப்ப பொறக்கல, அவனுக்கு எங்க தெரியும். தண்ணிக்குத் தெரியுமா எங்கேருந்து வந்திச்சின்னு, அப்பிடின்னாரு. என்னய யாராச்சும் ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

சுந்தரலிங்கம் கையில் தண்ணீரை ஊற்றாமலே நின்றார்.

கூடாரத்துக்கு வெளியே சதீஸ்குமார் தனியாக நின்றிருந்தான். கருமாதிக்கு வந்திருக்கிறான், சாப்பிட உட்காரவில்லை. கொழும்பில் சுரேஸ் வேலை செய்கிற கடையிலேயே ஒரு வேலை இருக்கிறதாம். மனைவி சர்மிளாவையும் பிள்ளையையும் மாமியார் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறானாம். இதையெல்லாம் அவன் லேனைப் பார்த்துக்கொண்டே சொன்னான், சுந்தரலிங்கத்தைப் பார்க்காமல்.

"மோட்டார் சைக்கிளு?"

"வித்துட்டேன்."

இரண்டு பேர் பார்வையும் பொதுக் குழாய்க்குப் போயிற்று. அதன் வாயில் ஒரு சொட்டு உருண்டு திரண்டு, விழாமல் நின்றது.

"நான் ஒங்க எடத்துல இருந்தாலும் தொறந்துதான் இருப்பேண்ணே" என்றான் சதீஸ்குமார். "கறுப்பையா மாமாவுக்குத் தொறக்காம வேற யாருக்குத் தொறக்கிறது? அதுக்கில்ல." இப்போதுதான் அவன் இவர் பக்கம் திரும்பினான். "என்னய ஏன் கூப்பிடல?"

"ஒனக்கு வேல போயிரும்னு..."

"ஃபோன்ல ஒரு கோல் போதும். மூடிட்டேன்னு நான் சொல்லியிருப்பேன். கீழ லைன் மூணும் மூடியிருந்தா ஒரு லேனுக்கு மட்டும் தண்ணி வந்திருக்கும். நெறஞ்ச கொடமா எடுத்திருப்பாங்க. ஊருக்குத் தெரிஞ்சிருக்காது, ஃபோட்டோ வந்திருக்காது. ஒம்பது வருசமா ரெண்டு பேரா செஞ்ச வேலண்ணே. அன்னக்கி மட்டும் நீங்க ஒத்தையா செஞ்சீங்க."

அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் அன்று சுந்தரலிங்கம் போனைப் பைக்குள் போட்டார். கூப்பிட்டிருந்தால் அவனும் ஒரு ஆளாக இருந்திருப்பான். கூப்பிடாததால் அவனை வெறும் கெசுவலாக்கிவிட்டார், சபை செய்ததைப் போலவே.

"போயிட்டு வாறேண்ணே" என்றான் அவன். லேனில் இறங்கிப் போனான். அவன் நடந்து போவதைச் சுந்தரலிங்கம் அன்றுதான் முதல் தடவை பார்த்தார். எப்போதும் வண்டியில்தான் பார்த்திருக்கிறார்.

இப்போது குத்தகைக்காரரின் ஆட்கள் வருகிறார்கள், சில நாள் வருவதில்லை. வராத நாளில் சுந்தரலிங்கம் தனியாகத் தாங்கியடிக்கு ஏறி வால்வைத் திறக்கிறார். கீழே மூட ஆளில்லாமல் தண்ணீர் பள்ளத்தைப் பார்த்தே ஓடுகிறது. மேட்டு லேனில் மறுபடியும் முணுமுணுப்பு ஆரம்பித்திருக்கிறது. சம்பளம் மட்டும் ஒழுங்காக வாங்குகிறான், ஒரு சொட்டுத் தண்ணீர் தரத் துப்பில்லை, இவனுங்களுக்கெல்லாம் சரியான சட்டம்தான் வர வேண்டும் என்று.

அவர் சாவியைப் பிடித்தபடி நிற்கிறார். கால்களுக்குக் கீழே அந்த மிருகம் எழுந்து கீழ்நோக்கிப் போகிறது. பழக்கத்தில் கை சட்டைப் பைக்குப் போய்ப் போனை எடுத்துவிடுகிறது. கடைத்தெரு இருமும்வரை அதைக் காதில் வைத்துக்கொண்டே நிற்கிறார், யாரோ மூடிட்டேண்ணே என்று சொல்லப்போவது போல.